புயல் பாபட்லாவுக்குப் போச்சு... தண்ணி சாத்தாங்காட்டுக்கு வந்துச்சு!

2023 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை பிற்பகல். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு அன்று அலெர்ட் அனுப்பும் வேலை. ‘மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது’ என்று டைப் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘சென்னைக்கு ஆபத்து நீங்கியது’ என்று நானாக ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சாத்தாங்காட்டிலிருந்து பெரியம்மா போன். இரண்டு முறை லைன் கட்டாகி, மூன்றாவது முறைதான் குரல் சரியாகக் கேட்டது.

“இன்னாடி, ஆபத்து நீங்கிடுச்சுன்னு போட்டுக்கிற? இங்க வாசப்படி தாண்டி தண்ணி உள்ள வந்துகினு இருக்குது. மழை நின்னுபோச்சு, தண்ணி மட்டும் ஏறுது. அதுல கறுப்பா எண்ணெய் வேற மெதக்குது. எங்கேந்துடி வருது இது?”

“பெரியம்மா, நீங்க முதல்ல மாடிக்குப் போங்க...” என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் பதில் இல்லை. புயலின் கண் எங்கே, காற்றின் வேகம் எவ்வளவு, எப்போது கரையைக் கடக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் பெரியம்மா வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமழையிலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டதை இந்த வாரம் உங்களோடு பகிர்கிறேன். வடசென்னையை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஏரிக்குக் கீழேயும் கடலுக்கு மேலேயும் இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

மழை நின்றது, தண்ணீர் நிற்கவில்லை

மிக்ஜாம், டிசம்பர் 3-ம் தேதி புயலாக மாறியது. பெயர் வைத்தது மியான்மர். மறுநாள் சென்னையிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், கடலிலேயே மெதுவாக நகர்ந்தது. அந்த ‘மெதுவாக’தான் வினை. வேகமாகப் போகிற புயல் மரத்தைச் சாய்க்கும். மெதுவாகப் போகிற புயல் ஊரை நிரப்பும். இரண்டு நாள் விடாமல் கொட்டிவிட்டு, 5-ம் தேதி பிற்பகல் பாபட்லா அருகே கரையேறியது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் பார்த்தாலே 300 கி.மீ.க்கு மேல்.

அந்த நேரத்தில் சாத்தாங்காட்டுப் பக்கம் தண்ணீர் ஏறியதற்குக் காரணம், இந்த ஊரின் இருப்பிடம். மேற்கே மணலி தொழிற்சாலைகள். ஒட்டி ஓடுகிறது பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும். கிழக்கே திருவொற்றியூரைத் தாண்டினால் கடல். ஆக, இந்த ஊருக்குத் தண்ணீர் நான்கு வழிகளில் வரலாம்.

முதலாவது, வானத்துத் தண்ணீர். இது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, ஏரித் தண்ணீர். புழல் ஏரி நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள். அப்போது டி.வி.யில் ஒரு பட்டியல் ஓடும்: நாரவாரிக்குப்பம், கிராண்ட்லைன், வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். நாம் அதை ஏதோ ஊர்ப் பெயர்கள் என்று கடந்துவிடுவோம். அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால், அதுதான் தண்ணீர் வரும் பாதையின் வரைபடம். பட்டியல் மணலி, சடையான்குப்பம் என்று முடிகிறது என்றால் தண்ணீர் நம் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டது என்று அர்த்தம். பூண்டி ஏரியின் உபரி நீரும் கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூருக்கே வருகிறது.

மூன்றாவது, கால்வாய்த் தண்ணீர். வடிய வேண்டிய இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், கால்வாயில் இருப்பது வடியாது, பின்னோக்கி ஏறும். சாக்கடை, தொழிற்சாலைக் கழிவு என வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஏறும்.

நான்காவது, கடல். புயல் கடலில் நிற்கும்போது, காற்று கடல்நீரைக் கரை பக்கம் தள்ளும். முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்துவிட்டால், ஆற்று நீர் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் என்றால் கடலேற்றம் இன்னும் கூடுதல். காசிமேட்டிலும் எண்ணூரிலும் மீன்பிடிக்கிற எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

மிக்ஜாமில் இந்த நான்கும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன. அதோடு ஐந்தாவதாக ஒன்றும் வந்தது. எண்ணெய்.

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு நிலைய வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. தங்கள் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. எப்படியோ, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக அந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வழியில் இருந்த வீடுகளுக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடா பறவைகள் எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரியம்மா வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது போகவில்லை.

‘வலுவிழந்தது’ என்றால் போய்விட்டது என்று அர்த்தமா?

வானிலைச் செய்தியில் நம்மை அதிகம் ஏமாற்றுகிற வார்த்தை ‘வலுவிழந்தது’. அது காற்றைப் பற்றிய வார்த்தை. மழையைப் பற்றியது அல்ல.

இந்திய வானிலை ஆய்வுத்துறை, காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் வைக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயரும் கிடைக்கும். வேகம் 61-க்கு இறங்கினால், ‘புயல் வலுவிழந்தது’ என்று நாங்கள் தலைப்பு போடுவோம். மேகத்தில் இருக்கிற தண்ணீருக்கு அந்தத் தலைப்பு தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகுதான் கதையே. வலுவிழந்து உள்ளே போன அது, கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணைக் கரையில் ஊர்கள் மூழ்கின. புயல் ‘போன பிறகு’ நடந்தவை இவை.

2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா, இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பிறகு வலுவிழந்த நிலையில் சென்னைக்கு அருகே கடலில் தயங்கி நின்று, டிசம்பர் தொடக்கத்தில் வடசென்னையையும் நனைத்தது.

புயலே இல்லாமலும் நடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அன்று வங்கக்கடலில் பெயர் வைக்கப்பட்ட புயல் எதுவும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். அதைப்போல இரண்டு மடங்கு, ஒரே நாளில்!

ஆகவே ‘புயல் வருமா?’ என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். ‘எத்தனை செ.மீ.? எத்தனை மணி நேரம் நிற்கும்? ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது?’ என்பது மீதிப் பாதி.

அறிக்கையைப் படிக்கலாம் வாங்க

நுங்கம்பாக்கத்தில் இருக்கிற மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் வருகிற வார்த்தை ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. மிக கனமழை என்றால் 12 முதல் 20. அதி கனமழை என்றால் 21-ம் அதற்கு மேலும். அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். ‘நேற்று இரவு அப்படிக் கொட்டியது, கணக்கில் குறைவாகக் காட்டுகிறார்களே’ என்று சந்தேகம் வந்தால், மழை இரண்டு கணக்கு நாட்களில் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செ.மீ. என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு கிரவுண்டு நிலத்தில் 20 செ.மீ. மழை பெய்தால், விழுகிற தண்ணீர் சுமார் 44,600 லிட்டர். 9,000 லிட்டர் குடிநீர் லாரி ஐந்து வந்து உங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போவதற்குச் சமம். தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஐந்து லாரி. மண் தரை இருந்தால் கொஞ்சம் குடிக்கும். கான்கிரீட் குடிக்காது.

‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் என்று அதற்கு அர்த்தம். ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்றால் மழை குறைவு என்று பொருள் இல்லை. எந்த இடம் என்று இப்போதே சொல்ல முடியாது என்று பொருள். அந்த ஓரிரு இடம் உங்கள் தெருவாகவும் இருக்கலாம்.

வண்ணங்கள்: மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். சிவப்பு வந்த பிறகு டார்ச்சுக்கு பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடக் கூடாது. அதை ஆரஞ்சிலேயே முடித்திருக்க வேண்டும்.

‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று தொடங்கும் அறிவிப்பு தனி வகை. இதற்கு ரேடார் கண். 2002 முதல் சென்னைத் துறைமுக வளாகத்தில் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. மேகம் எங்கே திரண்டிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்வதால், ஐந்து நாள் கணிப்பைவிட இது கூர்மையாக இருக்கும். வேலைக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று. புயலுக்கு நான்கு கட்டமாக எச்சரிக்கை தருகிறார்கள். சுமார் 72 மணி நேரம் முன்பு முதல் கட்டம், 48 மணி நேரம் முன்பு இரண்டாவது, 24 மணி நேரம் முன்பு மூன்றாவது. நான்காவது, கரையைக் கடக்க சுமார் 12 மணி நேரம் இருக்கும்போது வருவது. ‘கரையைக் கடந்த பிறகு என்ன நடக்கும்’ என்பதுதான் அதன் பொருளே. அதாவது, எனக்கு அன்று தெரியாமல் போனதைச் சொல்வதற்கென்றே வானிலைத் துறையில் ஓர் அறிக்கை இருக்கிறது. நாங்கள்தான் ‘கடந்தது’ என்ற வார்த்தையோடு கடையைக் கட்டிவிடுகிறோம்.

கூண்டு எண் சொல்வது என்ன?

‘சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று ஒவ்வொரு சீசனிலும் படிக்கிறோம். ராயபுரம், காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். மற்றவர்களுக்காக: பகலில் கூம்பும் உருளையுமாகச் செய்த கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கப்பலில் வயர்லெஸ் இல்லாத காலத்தில், கடலில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வந்த ஏற்பாடு. 1864-ல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலுக்குப் பிறகு, 1865-ல் அந்தத் துறைமுகத்தில்தான் நாட்டில் முதல் எச்சரிக்கை முறை வந்தது. வானிலை ஆய்வுத்துறையே அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1875-ல்தான் தொடங்கியது.

எண்களின் பொருள் இதுதான். 1, 2 என்றால் தூரத்தில்: 1 ஏற்றினால் தொலைவில் பலத்த காற்றுப் பகுதி இருக்கிறது, புயலாகலாம், 2 ஏற்றினால் தொலைவில் புயல் உருவாகிவிட்டது. 3, 4 என்றால் உள்ளூர்: 3, இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம்; 4, புயல் வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இவற்றில் 7-ம் 10-ம், புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்பதைக் குறிக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே துண்டிக்கப்பட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூண்டு, கப்பலுக்கும் படகுக்கும் பேசுகிறது. காற்றைப் பற்றிப் பேசுகிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையேறியபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் வீசி, ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட புயலுக்குக் கூண்டு எண் சரியான அளவுகோல். தெருவில் ஏறுகிற தண்ணீருக்கு எண் இல்லை. ஆகவே ‘கூண்டை இறக்கிட்டாங்க, இனி பயமில்லை’ என்று படகுக்காரர் சொல்லலாம். தாழ்வான தெருவில் இருப்பவர் சொல்லக் கூடாது.

நமக்கான கூண்டு, ஏரியின் அடிக்கணக்கு

தாழ்வான தெருவுக்கு எச்சரிக்கை தருவது ஏரி நிலவரம்தான். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. பூண்டிக்கு 35 அடி. தினமும் காலையில் இந்த நிலவரம் செய்தியாக வருகிறது. பெரும்பாலும் ‘சென்னைக்குக் குடிதண்ணீர் பஞ்சம் இருக்காது’ என்ற கோணத்தில் போட்டு முடித்துவிடுகிறோம். புழலுக்குக் கீழே இருப்பவர் அதையே வேறு கோணத்தில் படிக்க வேண்டும். ஏரியில் எத்தனை அடி காலி இருக்கிறதோ, அதுதான் அடுத்த மழைக்கு நமக்கு இருக்கிற இடைவெளி.

‘கன அடி’ என்ற சொல்லும் பலருக்குப் புரிவதில்லை. விநாடிக்கு 1,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 28,300 லிட்டர். அதே 9,000 லிட்டர் லாரி கணக்கில் விநாடிக்கு மூன்று லாரி. இதைப் படித்து முடிப்பதற்குள் முப்பது லாரி போயிருக்கும்.

இன்னொரு சிக்கல், மாவட்ட எல்லை. பூண்டி ஏரி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். 2018-க்கு முன்பு திருவொற்றியூர்ப் பகுதியும் அதே மாவட்டம்தான். இப்போது சென்னை மாவட்டம். ஏரி பற்றிய எச்சரிக்கை பல நேரம் ‘திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அறிவிப்பு’ என்று வரும். சாத்தாங்காட்டில் இருப்பவர் ‘நாம சென்னை, நமக்கில்லை’ என்று ஸ்க்ரோல் செய்துவிடுவார். தண்ணீருக்கு மாவட்ட எல்லை கிடையாது. வடசென்னையில் இருப்பவர்கள் இரண்டு மாவட்ட அறிவிப்புகளையும் படிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஆரஞ்சு அறிவிப்பு வந்த அன்றே:

ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு பரணில் வையுங்கள். மொபைலில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தினசரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வாரத்துக்கானதை வாங்கி வையுங்கள். பால் பவுடர், பிஸ்கட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் கேன் தயாராக இருக்கட்டும்.

தகரக் கூரை, ஷீட், மாடியில் இருக்கிற பூந்தொட்டி, பெயர்ப்பலகை போன்றவற்றைக் கட்டுங்கள் அல்லது இறக்குங்கள். இரும்பு மார்க்கெட், கன்டெய்னர் யார்டு பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காற்றில் பறக்கிற தகரத்துக்கு வெட்டுக்கத்தியும் நிகரில்லை. வண்டியிலேயே படுத்துத் தூங்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள், அன்று ஒரு இரவாவது உயரமான கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

மழை பெய்யும்போதும், நின்ற பிறகும்:

தண்ணீர் பிளக் பாயின்ட்டைத் தொடும் வரை காத்திருக்க வேண்டாம். வாசற்படியைத் தொட்டாலே மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். தண்ணீர் ஏறினால் சிலிண்டர் மிதக்கும், குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

புயல் கரையைக் கடந்த செய்தி வந்தாலும், ஏரி திறப்பு நிலவரம் குறைந்துகொண்டே வருகிறது என்று தெரியும் வரை கீழே இறக்கி வைக்காதீர்கள். பெரியம்மா வீட்டில் அன்று காலைதான் மழை விட்டதே என்று மெத்தையைக் கட்டிலில் விரித்தார்கள். மதியம் அது மிதந்தது.

தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தால் அடுப்பு, பீடி, சாம்பிராணி எதையும் பற்றவைக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். உடம்பில் ஒட்டினால் மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் தேய்க்காதீர்கள். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெள்ளம் புகுந்த சம்ப் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. எண்ணெய் கலந்திருந்தால் பிளீச்சிங் பவுடர் மட்டும் போதாது. முழுக்க இறைத்துக் கழுவிய பிறகுதான் நிரப்ப வேண்டும். தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல், கால் தசைவலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், மருத்துவ முகாமுக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

சேதத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். நிவாரணம் கேட்கும்போது நம்மிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, அவசர உதவி 112, கடலோரக் காவல்படை 1554, மின்னகம் 94987 94987. தமிழ்நாடு அரசின் ‘டி.என். அலெர்ட்’ செயலியையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும்

எல்லாவற்றையும் மக்கள் தலையிலேயே கட்டிவிட முடியாது. ஏரி திறக்கப்படுகிறது என்றால் ‘கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுங்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடம், அங்கே போகப் படகு உண்டா என்பது அதில் இருப்பதில்லை. வார்டு அளவில் அதைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வளாகங்களில் தேங்கும் மழைநீரில் என்ன கலந்திருக்கிறது, அது எந்தக் கால்வாயில் இறங்கும் என்பதைப் பருவமழைக்கு முன்பே, அக்டோபருக்குள், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு உண்டு.

என் பங்குக்கு நான் ஒன்றை மாற்றிக்கொண்டேன். ‘ஆபத்து நீங்கியது’ என்ற வரியை அந்த நாளுக்குப் பிறகு எந்த அலெர்ட்டிலும் எழுதியதில்லை. புயல் எங்கே கடந்தது என்று ஒரு வரி எழுதினால், ஏரியில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று அடுத்த வரி எழுதுகிறேன். இரண்டு வரிக்கு மேல் அலெர்ட்டில் இடம் இருக்காது. அந்த இரண்டு வரி போதும்.

பெரியம்மா வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. மறுபடி பெயின்ட் அடிக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். பீரோவில் பத்திரங்களை இப்போது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற தட்டில்தான் வைக்கிறார். மழைக்காலம் தொடங்கியதும் காலையில் எனக்குப் போன் வரும். புயல் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்பதே இல்லை.

“ஏன்டி, புழல் இன்னிக்கு எத்தினி அடி?”

உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற ஏரியின் பெயர் என்ன, அதன் முழு உயரம் எத்தனை அடி, திறந்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும்? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.